வழுக்கி விழுந்தவர்கள்

என் அப்பா காவல் நிலையத்தில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நிலையத்தின் எழுத்து வேலை முழுவதும் ரைட்டருடையது. தாம் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை என்று, யாரும் கேட்காதபோதும் அவர் சொல்வதுண்டு. அது உண்மை என்றே இன்றும் நம்புகிறேன்.

சீவலப்பேரிப் பக்கம் வயல்வேலை செய்துவந்த ஒருவரைப் பம்புசெட் மோட்டாரைக் களவாடிய சந்தேகத்தில் பிடித்து வந்தார்கள். திரும்பிப் போனபோது அவருடைய வலது முழங்கை நொறுங்கியிருந்தது. மோட்டாரை எடுத்தவன் வேறொருவன் என்பது பிறகு தெரிந்தது. ஆய்வாளர் அடித்ததைத் திறந்திருந்த கதவு வழியே அப்பா பார்த்தார். பார்த்த பிறகு, ‘கழிப்பறைக்குச் சென்றபோது வழுக்கி விழுந்தார்’ என்று எழுதினார்.

நான் கல்லூரியில் வரலாறு கற்பிப்பவள். கம்பெனி ஆட்சியில் நிலவரி கட்ட முடியாத குடியானவர்களைக் குனியவைத்து, கழுத்தையும் காலையும் சேர்த்துக் கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்துவார்கள். அண்ணாந்தாள் என்று அதற்குப் பெயர். அடங்காத மாட்டுக்குப் போடும் கட்டின் பெயர்தான் அது. கட்டியவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்லர், நம்மூர்ச் சேவகர்களே. அவர்களில் எவராவது பின்னாளில் வாய் திறந்தாரா என்று தேடியிருக்கிறேன். கிடைக்கவில்லை.

முழங்கையை நொறுக்கியதற்காக ஆய்வாளர்மேல் தொடுத்த வழக்கு நீதிமன்றத்துக்கு வருவதற்குள் அப்பா ஓய்வு பெற்றிருந்தார். நிலையத்தில் இருந்த மற்ற எவரும் சாட்சி சொல்லத் தயாராக இல்லை. அடிபட்ட அந்த மனிதரின் மனைவி பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டைத் தேடி வந்தார்.

“நீங்க கண்ணால பாத்ததச் சொன்னாப் போதும் ஐயா. வேற ஒண்ணும் கேக்கல.”

“சொல்லுதேன்மா. இனிமே எனக்கு என்ன பயம்?” என்றார் அப்பா.

அதே மாதம் அவர் எங்கள் வீட்டுக் குளியலறையில் உண்மையாகவே வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. மருத்துவமனையில் மாவுக்கட்டுக்காகக் காத்திருந்தபோது, காலில் கட்டோடு பக்கத்தில் இருந்த ஒரு வியாபாரி பேச்சுக் கொடுத்தார்.

“அண்ணாச்சி எங்க வேலை பாத்தாவ?”

“போலீஸ்ல.”

“அப்போ கேக்கவே வேண்டாம். பாத்ரூம்லதான் வழுக்கியிருக்கும்!”

வரிசை முழுவதும் சிரித்தது. காவல் நிலையத்தில் கை முறிந்தவர்களைப் பற்றி ஊரெங்கும் சொல்லிச் சிரிக்கும் பகடி அது. அப்பா மருத்துவரிடம், “படியில விழுந்துட்டேன்” என்றார். நான் திருத்தவில்லை.

சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு முன்தினம் அப்பாவோடு வேலை பார்த்த இருவர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார்கள். கட்டைப் பார்த்து வருந்தினார்கள். காப்பி குடித்தார்கள். எழும்போது ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “உங்க மகன் துபாய்க்குப் போகப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கானாம்லா? விசாரணைக்கு நம்ம ஸ்டேஷன்லேருந்துதான் வருவாங்க. அவசரமில்ல, பைய வரட்டும், என்ன அண்ணாச்சி?”

அவர்கள் போனதும் சொன்னேன்: “அவனுக்கு இங்கேயே ஒரு வேலை கிடைக்கும்ப்பா. நீங்க நெனச்சதச் சொல்லுங்க.”

அப்பா ஒரு பழத்தை இடது கையால் உரிக்க முயன்றுகொண்டிருந்தார். வாங்கி உரித்துக் கொடுத்தேன்.

மறுநாள் கூண்டில் ஏறினார். அரசு வக்கீல் கேட்டார். அப்பா தெளிவான குரலில், “நான் எதையும் பாக்கல. வழுக்கி விழுந்ததா அவரே சொன்னாரு, எழுதினேன்” என்றார். பிறழ்சாட்சி என்று பதிவாயிற்று. அந்த ஒரு பதிலோடு வழக்கில் மீதம் எதுவுமில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் அந்த மனிதரும் மனைவியும் எங்களை நோக்கி வந்தார்கள். வசைக்கு என்னைத் தயார்படுத்திக்கொண்டேன். அவர் மடங்காத கையைத் தொங்கவிட்டபடி, அப்பாவின் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கை என்னாச்சு ஐயா?”

அப்பாவும் தம் மாவுக்கட்டைப் பார்த்தார். பிறகு, “பாத்ரூம்ல வழுக்கிட்டு” என்றார்.

அந்த மனிதரின் முகம் இளகியது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “உங்களையுமா? சொல்லாண்டாம் ஐயா, எனக்குத் தெரியும். அந்த அடியத் தாங்க முடியாது. உங்க மேல எனக்கு வருத்தமே இல்ல.”

அப்பா தலைகுனிந்து நின்றார். மறுக்கவில்லை. அந்த இரக்கத்தை அவர் கையேந்தி வாங்கிக்கொள்வதைப் பார்த்தேன். அவர்மேல் எனக்கிருந்த அன்பு குறையவில்லை. ஆனாலும் அந்த இரக்கத்தை அவரிடம் விட்டுவைக்க முடியவில்லை.

“அப்பாவ யாரும் தொடல. எங்க வீட்லதான் விழுந்தாங்க” என்றேன்.

அந்த மனிதர் என்னைப் புரியாமல் பார்த்தார். அவருடைய மனைவிக்குத்தான் முதலில் புரிந்தது. கோபமில்லாமல், வியப்போடு என்னிடம் கேட்டார்:

“அடிக்காமலேயா அப்படிச் சொன்னாவ?”