செல்வம்மாள் டீச்சரும் கெம்பனின் தட்டியும்

செல்வம்மாளுக்குச் சொந்த ஊர் கல்லாவி. கடலையும் கேழ்வரகும் போட்டுப் பிழைக்கிற குடும்பத்தில் பிறந்தவள். ஆசிரியர் பயிற்சி முடித்து, 1985இல் சானமாவுக் காட்டை ஒட்டிய ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கு வேலைக்கு வந்தபோது, அவள் கையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பெட்டி நிறையப் பட அட்டைகள். அணில், ஆடு, இலை, ஈட்டி என்று அவளே வரைந்து வண்ணம் தீட்டியவை. பயிற்சிப் பள்ளியில் அந்த அட்டைகளுக்காகக் கைதட்டல் வாங்கியவள் அவள். இனிமேல் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று நினைத்துத்தான் ஓசூரில் பஸ் மாறினாள்.

அந்தப் பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள். பெரிய வகுப்புகள் தலைமையாசிரியர் கிருஷ்ணப்பனிடம். ஒன்றும் இரண்டும் செல்வம்மாளிடம். பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், சிலர் கன்னடம் பேசுவார்கள். தமிழ் அவர்களுக்குக் கடையில் பேசுகிற மொழி, பஸ்ஸில் பேசுகிற மொழி. அதனால் செல்வம்மாள் முதலில் தான் உரக்கப் படிப்பாள், பிள்ளைகள் கூடவே ஒரே குரலில் சொல்வார்கள். கூரை அதிரும். சாலையில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஒன்றரை வருடம் இப்படியே போயிற்று. புத்தகத்தைப் பிள்ளைகள் தண்ணீர் பட்ட பாடாய் ஒப்பித்தார்கள். செல்வம்மாளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது.

அந்தக் கர்வம் ஒரு கார்த்திகை மாதக் காலையில் உடைந்தது.

இரண்டாம் வகுப்பு முனிலட்சுமியின் அப்பா கரியப்பன் பள்ளிக்கு வந்தார். வாசற்படிக்கு வெளியிலேயே செருப்பை விட்டுவிட்டு நின்றார்.

"டீச்சரம்மா, எம் பொண்ண நாளையிலிருந்து அனுப்ப மாட்டேன். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஏங்க, என்ன ஆச்சு?"

"இவ அம்மாவுக்குக் கம்பெனியில வேல கெடச்சிகீது. பேக்கிங் செக்சன். கைக்குழந்தைய யாரு பாத்துக்கறது? இவதான் பாத்துக்கணும்."

செல்வம்மாளுக்குப் பதறியது. முனிலட்சுமிதான் அந்த வகுப்பிலேயே கணீரென்று படிப்பவள். அவள் படிப்பதைக் கேட்டால் அப்பாவின் மனசு மாறிவிடும் என்று தோன்றியது.

"இருங்க. உங்க பொண்ணு எப்பிடிப் படிக்கிறான்னு ஒருவாட்டி கேட்டுட்டுப் போங்க. முனிலட்சுமி, புத்தகத்த எடும்மா."

முனிலட்சுமி எழுந்து நின்றாள். பக்கத்து வீட்டு அக்கா படித்து முடித்துக் கொடுத்த பழைய புத்தகம். ஓரமெல்லாம் சுருண்டிருந்தது. விரலை வைத்து, மூச்சு விடாமல் படித்தாள். "மாலா, தோட்டத்துக்குப் போ. மலரைப் பறி. மாலை கட்டு."

கரியப்பனின் முகம் மலர்ந்தது. "அட! கடகடன்னு படிக்குதே!" என்றவர் அடுத்துச் சொன்னதைச் செல்வம்மாள் எதிர்பார்க்கவில்லை. "அப்ப சரி, டீச்சரம்மா. படிக்கக் கத்துகினா. அதுக்குத்தான அனுப்புனது? வேல முடிஞ்சுது. வாம்மா, போலாம்."

அந்த நேரத்தில்தான் செல்வம்மாள் புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். முனிலட்சுமியின் விரல் ஒரு கோழிப் படத்துக்குக் கீழே இருந்தது. மாலா பூப் பறிக்கிற தாள் அந்தப் புத்தகத்தில் இல்லவே இல்லை. என்றைக்கோ கிழிந்து போயிருந்தது. கோழிப் பாடத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு, இல்லாத தாளை அந்தப் பெண் அழகாகப் படித்து முடித்திருந்தாள்.

செல்வம்மாளுக்குக் காதெல்லாம் சூடேறியது. வாயை மூடிக்கொண்டால் தன் பெயர் கெடாது. ஆனால் முனிலட்சுமி போய்விடுவாள், ஓர் எழுத்துகூடத் தெரியாமல்.

"இல்லீங்க," என்றாள். "உங்க பொண்ணுக்குப் படிக்கத் தெரியாது."

"என்னம்மா சொல்றீங்க? இப்பத்தான படிச்சா?"

செல்வம்மாள் புத்தகத்தை அவரிடம் காட்டினாள். "இது கோழிப் பாடம். அவ சொன்னது பூப் பாடம். காதால கேட்டதச் சொல்றா. கண்ணால படிக்கல. தப்பு அவளுது இல்ல, நான் சொல்லிக்கொடுத்த விதம் அப்பிடி."

கரியப்பன் கோழியையும் பார்த்தார், டீச்சரையும் பார்த்தார். "அப்ப இத்தினி நாளும் இங்க என்னதான் நடந்துது?"

"எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க."

அவர் தாடையைச் சொறிந்தார். "பொங்கல் கழிஞ்சு எருது உடற திருநா வரைக்கும் பாக்கறேன். அதுவரைக்கும் எங்க அக்கா வந்து கொழந்தையப் பாத்துக்கும். அங்க நானே கேட்டுப் பாப்பேன். படிக்கலன்னா வூட்டோட வச்சிக்குவேன்."

அவர் போனதும் கிருஷ்ணப்பன் சிரித்தார். "ஏம்மா, ஊர்ல எல்லாரும் நம்ம பிள்ளைங்க ரேடியோ மாதிரி படிக்குதுன்னு சொல்றாங்க. நீயே போய் ரேடியோவத் தொறந்து காட்டிட்டியே!"

"உள்ள ஒண்ணும் இல்லையே, சார்," என்றாள் செல்வம்மாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் வகுப்பு முழுவதையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். எல்லோருமே முனிலட்சுமிதான். பட அட்டையைக் காட்டினால் படத்தைப் பார்த்துச் சொன்னார்கள். படத்தைக் கையால் மறைத்தால் டீச்சரின் முகத்தைப் பார்த்தார்கள். "ஆ" எழுதச் சொன்னால் முத்து முத்தாக எழுதினார்கள். அதுவே ஒரு சொல்லுக்குள் வந்தால் யாரோ புது ஆளைப் பார்ப்பது போல விழித்தார்கள். செல்வம்மாளுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. பயிற்சிப் பள்ளிக் குறிப்புகளைப் புரட்டினாள். அதில் கூரை அதிரப் படிக்கிற பிள்ளைகளைப் பற்றி ஒன்றுமில்லை.

வழி இடைவேளையில் கிடைத்தது. அந்தப் பக்கத்தில் பொங்கல் கழிந்ததும் எருது விடுவார்கள். எருதின் கொம்புகளில் வண்ணக் காகிதம் ஒட்டிய தட்டியைக் கட்டி ஓட விடுவார்கள். தட்டியில் ஊர்ப் பெயரோ வீட்டுக்காரர் பெயரோ இருக்கும். தட்டியைப் பறிப்பவன்தான் வீரன். மார்கழி பிறந்துவிட்டால் பிள்ளைகளுக்கு வேறு விளையாட்டே கிடையாது. கம்பெனியிலிருந்து அப்பாமார் கொண்டுவந்து போட்ட அட்டைப்பெட்டித் துண்டைத் தலைமேல் பிடித்துக்கொண்டு ஒருவன் ஓட, மற்றவர்கள் துரத்துவார்கள்.

"உங்க எருது பேரு என்ன?" என்று கேட்டாள் செல்வம்மாள்.

கேட்டதுதான் தாமதம். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள்கூட மூன்று மொழியில் கத்தினார்கள். ராமுடு. கரியன். "எங்களுது கெம்பன், டீச்சர்," என்றாள் முனிலட்சுமி. "செகப்பா இருப்பான். கயித்த அறுத்துகினு ஓடுவான். நாய்னாவத் தவிர யாருக்கும் அடங்க மாட்டான்." அப்பாவை அவள் நாய்னா என்றுதான் சொல்வாள்.

செல்வம்மாள் ஒவ்வொரு அட்டையிலும் கரியால் ஒரு பெயர் எழுதினாள். விளையாட்டுக்குப் புது விதி போட்டாள். பெயரைப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் தட்டியைப் பறிக்க வேண்டும். தப்பாகச் சொன்னால் அவன்தான் அடுத்த எருது.

இரண்டே நாளில் எல்லோரும் தவறில்லாமல் சொன்னார்கள். செல்வம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றாம் நாள் சந்தேகம் வந்தது.

"முனிலட்சுமி, இது கெம்பன்னு எப்பிடிக் கண்டுபுடிச்ச?"

"மூல கிழிஞ்சிருக்குது, டீச்சர். பிஸ்கட் டப்பா அட்ட."

தலையில் அடித்துக்கொண்டாள் செல்வம்மாள். மறுபடியும் அதே கதை. ஆனால் இந்த முறை அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் காலையில் கரியை அழித்துப் பெயர்களை மாற்றி மாற்றி எழுதினாள். கிழிந்த மூலை இன்றைக்குக் கெம்பன், நாளைக்கு ராமுடு. ஏமாந்த பிள்ளைகள் "போங்காட்டம், டீச்சர்!" என்று சண்டைக்கு வந்தார்கள். பிறகு வேறு வழியில்லாமல் எழுத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அடுத்து அட்டைகளை எழுத்து எழுத்தாக வெட்டினாள். கெம்பன் நாலு துண்டானான். பிள்ளைகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து துண்டுகளை நகர்த்தினார்கள். ஒருநாள் முனிலட்சுமி இரண்டு துண்டுகளை மட்டும் ஒன்றாக வைத்து, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். "ப... ன்... பன்..." திடீரென்று துள்ளி எழுந்தாள். "டீச்சர், பன்னு! டீக்கட பன்னு!"

யாரும் சொல்லிக்கொடுக்காத சொல். யார் குரலையும் பின்தொடராமல் அவளே படித்த முதல் சொல். செல்வம்மாள் அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், அந்தப் பன்னையே வாங்கிக் கொடுத்தாள். வகுப்பு முழுக்கப் பொறாமையில் துண்டுகளைத் தேடியது.

"ஏம்மா செல்வம்மா, இது பள்ளிக்கூடமா, மாட்டுச் சந்தையா?" என்று கேட்டார் கிருஷ்ணப்பன். ஆனால் மறுவாரம் அவரே தன் வீட்டிலிருந்து அட்டைப்பெட்டி கொண்டுவந்து போட்டார்.

எருது விடும் நாள் வந்தது. மைதானத்தில் நிற்க இடமில்லை. மேளமும் தூசியும் கூச்சலுமாக இருந்தது. கரியப்பன் மகளைத் தோளில் தூக்கி வைத்திருந்தார். பக்கத்தில் செல்வம்மாள் நின்றாள். கெம்பனின் தட்டியை அவர் கேட்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். கெட்டிக்கார மனுஷன்.

வெளியூர் எருது ஒன்றை வரிசைக்குக் கொண்டுவந்தார்கள். கரியப்பன் கை நீட்டினார். "அந்தத் தட்டியில என்ன போட்டுகீது, படி."

முனிலட்சுமி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "தெரியல, நாய்னா," என்றாள்.

"பாத்தீங்களா, டீச்சரம்மா?"

"அது நம்ம எழுத்து இல்ல, நாய்னா. ஒண்ணுகூட நான் பாத்த எழுத்து இல்ல."

எருதைப் பிடித்திருந்த ஆள் திரும்பிச் சிரித்தான். "கன்னடம் அது, பாப்பா. நாங்க கர்நாடகா பக்கம், ஆனேக்கல்லு."

செல்வம்மாளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இல்லாத தாளைப் படித்தவள், இப்போது கண்ணெதிரே இருக்கிறதைத் தெரியாது என்கிறாள். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் அடுத்த எருது வந்துவிட்டது. முனிலட்சுமி யாரும் கேட்காமலே தொடங்கினாள்.

"ம... த்... தி... மத்தி... கிரி. மத்திகிரி. மு... னி..." அங்கே நிறுத்தி, அப்பாவின் தலையில் தட்டினாள். "என் பேர்ல வர்ற முனி, நாய்னா! சா... மி. முனிசாமி. மத்திகிரி முனிசாமி!"

கரியப்பன் எருதுக்காரனிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். ஆமாம், மத்திகிரி முனிசாமி எருதுதான். அப்படியும் அவர் முகத்தில் ஒரு சந்தேகம்.

"அப்ப கடகடன்னு படிச்சா. இப்ப ஏன் இப்பிடித் திக்கறா, டீச்சரம்மா?"

"இப்பத்தாங்க படிக்கிறா," என்றாள் செல்வம்மாள்.

அவர் மகளைத் தோளில் இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டார். அன்று மாலை வரை வந்த தட்டிகளையெல்லாம் அந்தப் பெண் ஊருக்கே படித்துச் சொன்னாள். தப்பும் சரியுமாக, திக்கித் திக்கி.

திங்கட்கிழமை முனிலட்சுமி பள்ளிக்கு வந்தாள். இடுப்பில் தம்பி இருந்தான். "அத்த ஊருக்குப் போயிட்டுது, டீச்சர். இவனையும் கூட்டிகினு போன்னு நாய்னா சொல்லிச்சு."

கைக்குழந்தையை வகுப்புக்குள் விடக்கூடாது என்பதுதான் பள்ளியின் வழக்கம். செல்வம்மாள் கிருஷ்ணப்பனின் பக்கம் பார்த்தாள். அவர் சட்டென்று கரும்பலகையில் ஏதோ கணக்குப் போடத் திரும்பிக்கொண்டார்.

குழந்தையைக் கோணிமேல் உட்கார வைத்தார்கள். அவன் கைக்கு எட்டியதை எடுத்து வாயில் வைத்து, ஈறு தெரியச் சிரித்துக்கொண்டே சப்பினான். அது கெம்பனின் "கெ". செல்வம்மாள் அதைப் பிடுங்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து, புது அட்டையில் இன்னொரு "கெ" வெட்ட உட்கார்ந்தாள்.