எருமப்பட்டிக்குப் போன ஸ்காட்லாந்து மெட்டு

சேலத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியாராக இருந்த நாளில், வாசலில் மாட்டுவண்டி நிற்கும் சத்தம் கேட்டாலே ஜன்னலோரம் போய் யாரென்று பார்ப்பேன். எங்கள் ஊர்க்காரர்கள் சேலத்துக்கு வர ஆயிரம் காரணம் உண்டு. கோர்ட்டு இருந்தது, பெரிய ஆஸ்பத்திரி இருந்தது, செவ்வாய்ப்பேட்டை மண்டி இருந்தது. வந்தவர்களில் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு ஊரில் போய் ஒரு சொல் சொன்னால் போதும், என் வேலை அன்றோடு முடிந்தது என்று நம்பியிருந்தேன்.

எருமப்பட்டிப் பக்கம் எங்களுக்குத் தோட்டம். பதினாறு வயதில் மோகனூரில் வாழ்க்கைப்பட்டு, ஒரு வருஷத்துக்குள் கணவனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, வெள்ளைச் சேலையோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பியவள் நான். ஊரே வேண்டாம் என்றபோதும் அண்ணன்தான் என்னை வாத்தியார் படிப்புக்கு அனுப்பினார். அனுப்பும்போது அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: அவர் தலை குனியும்படி எதுவும் நடக்கக் கூடாது. மேட்டூர் அணை கட்டி முடித்த சமயம் எனக்குச் சேலத்தில் வேலை கிடைத்தது. அடுத்த வருஷம் தன் மகளையும் அதே பள்ளிக்கூட விடுதியில் கொண்டுவந்து சேர்த்தார். அதிலிருந்து என் பயம் இரண்டு பங்காகிவிட்டது. நான் சறுக்கினால் அந்தக் குழந்தையின் படிப்பும் போய்விடும்.

இப்படியிருக்க, ஸ்காட்லாந்திலிருந்து ஒரு மிஸ்ஸம்மா வந்து சேர்ந்தாள். என் வயதுதான் இருக்கும். மூக்கெல்லாம் செம்புள்ளி. அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. புத்தகத் தமிழில் ஆரம்பித்தவள் ஆதலால், "நான் பசியால் வாடுகின்றேன், சோறு எப்போது வரும்?" என்று கேட்பாள். சமையற்கார அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடுவாள்.

அவளிடம் ஒரு மேண்டலின் இருந்தது. கவிழ்த்த பூசணிக்காய் போன்ற முதுகு, நாலு ஜோடித் தந்தி. அவளுடைய அப்பா கடற்கரைக் கிராமம் ஒன்றில் பிடில் வாசிப்பவர். கப்பலில் பிடில் தாங்காது என்று இதைக் கொடுத்து அனுப்பியிருந்தார். பாடம் முடிந்ததும் அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு தன் ஊர் மெட்டுகளை வாசிப்பாள். எதற்கும் எழுதிவைத்த சுரம் கிடையாது. எல்லாம் அப்பா வாசிக்கக் கேட்டுக் காதில் ஏறியவை. ஆட்டத்துக்கு ஒன்று, தொட்டிலுக்கு ஒன்று, கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கு ஒன்று.

நான் கேட்டுக்கொண்டிருந்ததோடு நிறுத்தியிருக்கலாம். ஒருநாள் அவள் மேண்டலினை என் மடியில் வைத்துவிட்டாள். கைம்பெண் மடியில் வாத்தியம். நான் முதலில் பார்த்தது ஜன்னலை.

பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம் நெசவாளர் தெரு. மாலையில் தறிகள் எல்லாம் சேர்ந்து ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அந்தச் சத்தத்தை நம்பித்தான் நான் கற்றுக்கொண்டேன். அமாவாசையன்று தறி ஓடாது. அன்று மேண்டலினைத் தொடமாட்டேன். நடுவில் தறிகள் சட்டென்று ஓய்ந்தால் என் விரல் தந்தியிலேயே உறைந்து நிற்கும்.

அந்த ஊர் மெட்டுகளில் ஒரு வெட்டு உண்டு. முதல் சுரத்தைக் கடுகு பொரிவதுபோல விட்டுவிட்டு, அடுத்ததில் சாய்ந்து உட்கார வேண்டும். எனக்கு அது பிடிபடவே இல்லை. அவள் காலால் தட்டினாள், கையால் தட்டினாள், கடைசியில் என் தோளிலேயே தட்டினாள். பிறகு ஒருநாள் வகுப்பில் குறில் நெடில் நடத்தும்போது எனக்கே விளங்கியது. நிலா. புறா. கனா. முன்னால் குறில், பின்னால் நெடில். அன்று மாலை வாய்க்குள் "நிலா, புறா" என்று சொல்லிக்கொண்டே வாசித்தேன். வெட்டு விழுந்தது. அவள் எழுந்து அறைக்குள்ளேயே ஒரு சுற்று ஆடிவிட்டாள். பதிலுக்கு நான் கும்மியும் கோலாட்டமும் சொல்லிக்கொடுத்தேன்.

கோலாட்டத்துக்கு அவளுடைய ஆட்ட மெட்டு கச்சிதமாகப் பொருந்தியது. பள்ளி ஆண்டு விழாவில் அதை ஆடவைக்கலாம் என்றாள். அவள் மேண்டலின் வாசிக்க, விடுதிப் பெண்கள் ஆடுவதென்று ஏற்பாடு. என் அண்ணன் மகளும் அந்த வரிசையில் இருந்தாள். வாசிப்பது மிஸ்ஸம்மா ஆயிற்றே என்று நான் நிம்மதியாக ஆட்டத்தைப் பழக்கினேன்.

விழாவுக்கு முந்தின நாள் அவளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. போர்வைக்கு மேல் போர்வை போட்டும் கட்டில் கிடுகிடுவென்று ஆடியது. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, மிஸ்ஸம்மா சொன்னாள், நீதானே அவளோடு வாசிப்பாய், நாளைக்கு நீயே வாசி என்றார். எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். பெண்கள் கையில் கோலோடு வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலையில் அண்ணன் வந்தார். ஊரிலிருந்து இன்னும் மூன்று பேர் கூட வந்திருந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் பெரியப்பா முறை. அவர் வாய்க்குப் பஞ்சாயத்தே அஞ்சும். அண்ணனைத் தனியாக வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெயில் இன்னும் ஏறவே இல்லை.

"வேண்டாஞ் சாமி. நானா இருந்தாப் பரவால்லை. பெரியப்பனும் வந்திருக்கறாரு."

"அப்ப புள்ளைங்க எப்படிங்ணா ஆடும்?"

அவர் மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, ஆளைக் காட்டாமல் உள்ளே இருந்து வாசிக்க முடியுமா என்று கேட்டார். சரி என்றேன். மேடைக்குப் பின்னால் இருந்த வகுப்பறையில், கதவை ஒருக்களித்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன். உள்ளங்கை வியர்த்து, தந்தி மீட்டும் ஆமையோட்டுச் சில்லு வழுக்கிக்கொண்டே இருந்தது.

மேண்டலினுக்கு அவ்வளவுதான் குரல். நான் ஆரம்பித்தது வெளியே எட்டவில்லை. கூட்டத்தின் இரைச்சலில் பாதிப் பெண்களுக்குக் கேட்டது, பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. கோல்கள் முன்னும் பின்னுமாக விழுந்தன. யாரோ சிரித்தார்கள். கதவிடுக்கில் அண்ணன் மகள் தெரிந்தாள். கோலை உயர்த்தியபடி, எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல், அழுகைக்குத் தயாராக நின்றாள்.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எப்படி வெளியே வந்தேன் என்று இப்போதும் எனக்குச் சரியாக நினைவில்லை. மேடை ஓரத்தில் போட்டு உட்கார்ந்தேன். வெள்ளைச் சேலையின் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முதலிலிருந்து வாசித்தேன். நிலா, புறா. கோல்கள் ஒன்றாக விழுந்தன. நான் தலையைத் தூக்கவே இல்லை. முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். நிமிர்ந்து பார்த்தபோது அண்ணன் இருந்த பெஞ்சு காலியாக இருந்தது.

சாப்பிடாமலேயே பஸ் ஏறிவிட்டார்கள் என்று வாட்ச்மேன் சொன்னான்.

அதற்குப் பிறகு விடுமுறை வரை நான் தூங்கியது குறைவு. மகளை அழைத்துக்கொண்டுபோக இன்று வருவார், நாளை வருவார் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தேன். குழந்தையின் துணிகளைத் துவைத்து மடித்துப் பெட்டியிலேயே வைத்திருந்தேன், கேட்டவுடன் கொடுக்க. அவள் "அப்பா எப்பங்க அத்தை வருவாரு?" என்று கேட்கும்போதெல்லாம் எரிந்து விழுந்தேன். காய்ச்சல் தேறிய மிஸ்ஸம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது என்னால் நேர்ந்த துன்பம்" என்றாள். அந்தப் புத்தகத் தமிழைக் கேட்டு அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் வரவில்லை. கோடை விடுமுறைக்கு நானே குழந்தையோடு ஊருக்குப் போனேன். அண்ணி தண்ணீர் கொடுத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அண்ணன் தோட்டங்காட்டிலிருந்து வந்து, மகளை அணைத்துக்கொண்டார். என்னிடம் சௌக்கியமா என்றார். அவ்வளவுதான்.

மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குச் சொந்தபந்தம் கூடியபோது பெரியப்பா ஆரம்பித்துவிட்டார். எல்லோர் காதிலும் விழும்படி, தாலியறுத்த பெண் சபையில் உட்கார்ந்து வாத்தியம் வாசிக்கலாமா, அதை இந்தக் குடும்பம் பொறுத்துக்கொள்கிறதா என்று அண்ணனைக் கேட்டார். நான் தூணோடு ஒட்டிக்கொண்டேன். 

அண்ணன் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"அது பாட்டில்லீங் பெரீப்பா. வெள்ளைக்காரங்க ஊட்டு ஒப்பாரி. சமுத்திரத்துல போய்ச் செத்தவங்களுக்குப் பாடறது. தாலியறுத்தவ ஒப்பாரி சொல்லாம வேற ஆருங் சொல்லுவா?"

பெரியப்பா விடவில்லை. ஒப்பாரிக்கு எதற்குக் கோல் என்று கேட்டார். அவர்கள் ஊரில் அப்படித்தானாம் என்றார் அண்ணன். கடல் மெட்டைப் பற்றி முன்பு எப்போதோ அவர் மகள் வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். அதை எடுத்து இதில் ஒட்டவைத்துவிட்டார்.

நான் தப்பித்தேன் என்று நினைத்தது மூன்று நாள்கூட நிற்கவில்லை. பக்கத்து வளவு வீடுகளில் ஒரு பெரியவர் இறந்துபோனார். நானும் போய்ப் பெண்களோடு உட்கார்ந்து கட்டிக்கொண்டு அழுதேன். இறந்தவரின் மனைவி தலைவிரி கோலமாக என் பக்கம் திரும்பினாள்.

"நீயொரு வெள்ளைக்கார ஒப்பாரி சொல்லுவயாமா சாமி. எங்க ஊட்டுக்காரருக்குச் சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பந்தலில் ஆண்கள் இருந்தார்கள், பெரியப்பாவும் இருந்தார். அந்த ஆட்ட மெட்டை இங்கே இழுத்தால் அண்ணனின் பொய் அம்பலமாகும். சொல்லாமல் இருந்தாலும் அம்பலமாகும்.  மேண்டலின் சேலத்தில் இருந்தது. கடலுக்குப் போனவர்களின் மெட்டை, வார்த்தையில்லாமல், வெறும் குரலில் மெதுவாக எடுத்தேன்.

பாதியில் நின்றுவிடுவேன் என்றுதான் பயந்தேன். ஆனால் இரண்டாம் முறை வரும்போதே ஒரு பெண் அதைப் பிடித்துக்கொண்டாள். அவள் அதில் இறந்தவர் வெட்டிய கிணற்றை வைத்துப் பாடினாள். இன்னொருத்தி அவருடைய செவலைக் காளையை வைத்தாள். இறந்தவரின் மனைவி தனக்கு வேண்டிய இடத்தில் இழுத்தாள். மெட்டு அவளோடு வளைந்து போனது. நான் வாயை மூடிக்கொண்ட பிறகும் அது நடந்துகொண்டே இருந்தது. பந்தலில் பேச்சு அடங்கிவிட்டது. பெரியப்பா துண்டால் கண்ணைத் துடைத்ததை அண்ணி பார்த்தாளாம்.

விடுமுறை முடிந்து நாமக்கல்லில் எங்களைச் சேலம் பஸ் ஏற்றிவிட வந்தபோது, மகளை உள்ளே உட்காரவைத்துவிட்டு அண்ணன் ஜன்னலோரம் நின்றார்.

"அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல வாசிச்சது ஒப்பாரி இல்லீன்னு எனக்குந் தெரியுஞ் சாமி."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"என்ற காலே தாளம் போட்டுது. பெரீப்பன் பாத்துப்புடுவாரோன்னுதான் எந்திரிச்சு அவரையுங் கூட்டிக்கிட்டு வெளிய போனேன்."

பஸ் புறப்பட்டது. ராசிபுரம் தாண்டும் வரைக்கும் என் விரல் மடியில் அந்தத் தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

சேலம் வந்ததும் நடந்ததையெல்லாம் மிஸ்ஸம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அந்தப் பெண்கள் எப்படிப் பாடினார்களோ அப்படியே பாடு என்றாள். பாடினேன். முதல் பாதியில் தலையசைத்தவள், பிற்பாதியில் புருவத்தைச் சுருக்கினாள். அது அவள் அப்பா வாசித்த மெட்டாக இல்லை; எங்கள் பெண்களின் இழுப்பு ஏறிவிட்டிருந்தது. நான் கெடுத்துவிட்டேனோ என்று கேட்டேன். இல்லை என்று கையசைத்துவிட்டு மேண்டலினை எடுத்தாள். அந்த இழுப்பு தந்தியில் வரவில்லை. விரலைத் தேய்த்துப் பார்த்தாள், தந்தியை வளைத்துப் பார்த்தாள். திரும்பவும் பாடச் சொன்னாள். வெளியே தறிகள் ஓய்ந்துவிட்டிருந்தன. நான் பாடிக்கொண்டிருந்தேன்.