மார்செய் பழைய நகரமும் பன்னிரண்டு பென்சன்காரரும்

மார்செய் எனக்கு அத்துப்படி எண்டு சொல்லித்தான் பரிஸ் லாச்சப்பலிலை இருந்த ஒரு தமிழ்ச் சுற்றுலா அலுவலகத்துக்குள்ளை நுழைஞ்சனான். முழுப்பொய் எண்டும் சொல்லேலாது. 2011இலை எட்டு மாசம் அங்கை, துறைமுகத்துக்கு மேலை இருக்கிற பழைய நகரத்திலை, ஒரு ரெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவினனான். நிலத்துக்குக் கீழை குசினி. நான் கண்ட மார்செய் ஒரு பின்கதவும் ரெண்டு குப்பைத்தொட்டியும்தான்.

முதலாளி குணம் அண்ணை ஒண்டும் விசாரிக்கேல்லை.

"கனடாவிலையிருந்து பன்னிரண்டு பேர் வருகினம். எல்லாம் பென்சன் எடுத்த ஆக்கள். வடிவாக் காட்டினியெண்டால் கொந்திரா தருவன். இல்லாட்டி வேறை இடம் பார்."

கொந்திரா எண்டால் வேலை ஒப்பந்தம். அது இல்லாமல் பிரான்சிலை இருக்கிறதுக்கான என்ரை விசாக் கார்ட்டைப் புதுப்பிக்கேலாது. கார்ட் முடிய மூண்டு கிழமைதான் இருந்தது.

அவையளோடை பரிசிலையிருந்து மார்செய்க்குப் போற மூண்டு மணித்தியாலமும் ரெயினிலை போனைப் பாத்துச் சரித்திரம் பாடமாக்கினன். இறங்கினாப்பிறகுதான் தெரியும், வந்த ஆக்களிலை ஒருத்தர் ஊரிலை முப்பது வருசம் சரித்திரம் படிப்பிச்ச ரீச்சர்.

பழைய நகரத்துப் படியிலை ஏறத் தொடங்கினதும் ரீச்சர் தொடங்கிவிட்டா.

"தம்பி, இந்தக் கட்டடத்துக்குள்ளை போய்ப் பாக்கலாமோ?"

"பூட்டு, ரீச்சர்."

"அப்ப அந்தக் கோயிலுக்குள்ளை?"

மனிசி என்னைச் சோதிக்குது எண்டு நினைச்சன். விடுவனே? பாடமாக்கினது முடிய, சொந்தமா அவிழ்த்து விட்டன். சும்மா ஒரு வீட்டிலை ராசா ஒராளைக் குடியிருத்தினன். அடுத்த சந்தியிலை அவரைச் சாகடிச்சன். ரீச்சருக்குப் பின்னாலை நிண்ட பொம்பிளையள் முகத்தைச் சுளிச்சுக்கொண்டு நிண்டவை. கதை காணாது போலை எண்டு நினைச்சு இன்னும் நீட்டினன்.

கடைசியிலை ரீச்சரின்ரை புருசன் என்ரை கையைப் பிடிச்சு இழுத்தார்.

"தம்பி, உந்தச் சரித்திரத்தை விடும். ரெயினாலை இறங்கினதிலையிருந்து பொம்பிளையள் அடக்கிக்கொண்டு நிக்கினம். ஒரு பொடியனிட்டை வாய்விட்டுக் கேப்பினமே?"

ஐயோ! நிலம் பிளந்து என்னை விழுங்காதோ எண்டிருந்தது. கபேக்குள்ளை ஒண்டும் குடிக்காமல் ரொய்லெற்றுக்கு மட்டும் போக அவைக்கு வெக்கம். குடிச்சால் திரும்பவும் அதே பிரச்சினை. அப்பதான் நான் கோப்பை கழுவின ரெஸ்ரோறன்ரின்ரை பின்கதவு ஞாபகம் வந்தது. ரெண்டு ஒழுங்கை தள்ளித்தான்.

தட்டினன். பழைய செஃப் கரீம் திறந்தார்.

"திரும்ப வேலைக்கு வந்தனியோ?"

"இல்லை செஃப். பன்னிரண்டு பேருக்கு ரொய்லெற் வேணும்."

மனிசன் சிரிச்சுக்கொண்டு கதவை அகலத் திறந்தார். குசினிக்குள்ளாலை எல்லாரும் வரிசையாப் போச்சினம்.

திங்கக்கிழமை குணம் அண்ணை கூப்பிட்டார்.

"ரீச்சர் போன் எடுத்தவ. நீ சொன்ன சரித்திரம் ஒண்டுகூடச் சரியில்லையாம்."

கார்ட் போச்சுது எண்டு நிண்டன்.

"அடுத்த மாசம் அவவின்ரை தங்கச்சி ஆக்கள் வருகினமாம். உன்னைத்தான் அனுப்பச் சொன்னவ." கொந்திராவிலை கையெழுத்து வைச்சுத் தந்தார்.

புதுசா இந்த வேலைக்கு வாற பிள்ளையளுக்குச் சொல்லுறன். எந்த ஊருக்குப் போனாலும் கதவு திறக்க ஒராளை முதல் பிடிச்சு வையுங்கோ. சரித்திரம் வாற ஆக்களுக்கே தெரியும்.