நீளமுடி ஷெப்பர்டுக்கு மொட்டை

திருப்பதியில் நாய்களுக்கு முடி திருத்தும் வேலைக்கு வந்து வருஷம் பல ஆகிவிட்டது. குரூமிங் என்று போர்டில் எழுதியிருக்கும். மலை மேல் மனுஷருக்கு மொட்டை, மலைக்குக் கீழே நாய்க்கு மொட்டை என்று எங்கள் ஊர் வடமாலபேட்டையில் என்னைக் கிண்டல் செய்வார்கள். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்கிறேன்.

பலமனேரில் காய்கறி மண்டி வைத்திருக்கும் செல்வராஜ், மனைவி தேவகியோடு ஒரு ஜெர்மன் ஷெப்பர்டைக் கொண்டுவந்தார். பெயர் ராக்கி. அவனை மேஜை மேல் ஏற்றுவதற்குள், "முழுசா மொட்ட போட்டுடும்மா" என்றார்.

ராக்கியின் அப்பன், ஆத்தாள் இரண்டுக்கும் குட்டை முடி. இவனுக்கோ காதோரம் குஞ்சமாக முடி, தொடையில் பாவாடை மாதிரி தொங்கும் முடி. மண்டிக்கு வருகிறவர்கள் தெலுங்கில் 'ஊர குக்க', அதாவது தெருநாய், என்று சிரித்தார்களாம். குட்டி கொடுத்தவர் கலப்பே இல்லை என்று சொன்னாலும், வேண்டுமானால் வேறு குட்டி மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். செல்வராஜ் கடைசியாக ஒரு யோசனை வைத்திருந்தார். குழந்தைக்கு மொட்டை போட்டால் முடி வேறு மாதிரி வளருகிறதே, அப்படி இவனுக்கும் குட்டையாக வளர்ந்தால் வைத்துக்கொள்வது, இல்லாவிட்டால் மாற்றிவிடுவது. ராக்கிக்குச் சோறு வைத்து வளர்க்கும் தேவகியம்மாவின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

நான் மெஷினை எடுக்கவில்லை. ஷெப்பர்டுக்கு இருப்பது டபுள் கோட், அதாவது இரண்டடுக்கு முடி, வெயிலுக்கும் குளிருக்கும் அதுதான் காப்பு. வழித்தால் திட்டுத் திட்டாகத்தான் வளரும், குட்டையாக வளராது. இனத்துக்கு எழுதிவைத்த ஸ்டாண்டர்டிலேயே குட்டை முடி, நீள முடி இரண்டும் உண்டு. குட்டை முடி ஜோடிக்குள் நீள முடி ஒளிந்திருந்து குட்டியில் வெளிப்படும் என்றேன். காது, முதுகு, கால் எல்லாம் தொட்டுக் காட்டி, அசல் ஷெப்பர்டுதான் என்றும் சொன்னேன். மனுஷர் மசியவில்லை.

"அப்பன் ஆத்தாகிட்ட இல்லாதது இதுக்கு மட்டும் எங்கேந்து வரும்?" என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்.

தேவகியம்மா மெதுவாகச் சொன்னார். "உங்க நைனாவுக்கும் அம்மாவுக்கும் கருப்புக் கண்ணு. உங்களுக்கு மட்டும் பூனக்கண்ணு கீது. அதுக்காக உங்கள குடுத்துட்டு வேற புள்ளய மாத்திக்கினு வந்தாங்களா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிரஷ்ஷைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். செல்வராஜுக்கு முதலில் முகம் சிவந்தது. தன் கேள்வியை விடாமல் பிடித்தால் பெற்ற அம்மாவையே சந்தேகித்ததாகிவிடும், கோபிக்கவும் வழியில்லை. அப்புறம் அவரே சிரித்துவிட்டார்.

"சரிம்மா, குளிப்பாட்டி நல்லா சீவி வுடு. நாளிக்கு மண்டிக்கு இட்டுக்கினு போறேன். எவன் இன்னா சொல்றான்னு பாக்கலாம்."

அன்று ராக்கியைச் சீவிய மாதிரி ஆசையாக நான் எந்த நாயையும் சீவியதில்லை. ஸ்டாண்டர்டை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள், அது வேண்டும். ஆனால் இப்போதெல்லாம் கலப்பு என்று சொல்லி யாராவது நாயைக் கொண்டுவந்தால், வீட்டில் இதற்குச் சோறு வைப்பது யார் என்றுதான் முதலில் கேட்கிறேன். அவரை அழைத்து வரும்வரை மெஷினைத் தொடுவதில்லை.