அக்சேனியாவுக்கு எப்போது தெரிந்தது

எங்கள் ஊரில் பதிவுத் தபால் யாருக்கு வந்தாலும் கையெழுத்துப் போடுவது தபால்காரர் தூடோசேதான். மல்தோவாவில் பல ஊர்களின் கதை இதுதான். வீட்டுக்கு ஒருத்தி இத்தாலியில் யாரோ ஒரு கிழவியைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பாள், இங்கே வாசலில் பூட்டுத் தொங்கும். தபால் திரும்பிப் போய்விடக் கூடாதே என்று தூடோசே அவர்கள் பெயரில் தானே கையெழுத்திட்டு வாங்கி, அலமாரியில் கட்டி வைப்பார். ஈஸ்டருக்கு ஊர் வருகிறவர்களிடம் கொடுத்து ஒரு கோப்பை வைன் குடித்துவிட்டுப் போவார். அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. நானும்தான் நினைக்கவில்லை.

அக்சேனியாவும் அப்படிப் போனவள். சிரித்தால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். புருஷன் மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போனான், போனவன் போனவன்தான். மகளை வைத்துக்கொண்டு அடுத்தவர் திராட்சைத் தோட்டத்தில் ஐந்து வருஷம் முதுகொடிய உழைத்தும் அரை வயிறுதான். மகள் இலிங்காவுக்கு ஆறு வயதானபோது அவளை ஞானத்தாய் வர்வாராவிடம் விட்டுவிட்டு இத்தாலி வேனில் ஏறினாள்.

"பாதுகாவலர் பத்திரம் ஒண்ணு எழுதிட்டுப் போம்மா," என்றார் ஊராட்சிச் செயலாளர்.

"கோயில்ல மெழுகுவத்தி பிடிச்சுப் பிள்ளையை ஏத்துக்கிட்டவங்க அவங்க. அதுக்கு மேல என்னங்க பத்திரம்?" என்று சிரித்தாள் அவள்.

வர்வாரா மோசமானவள் இல்லை. மூன்று வருஷம் கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்துக்கொண்டாள். ஒரு நவம்பரில் அயர்லாந்தில் இருந்த மகளுக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது என்று செய்தி வந்தது. இரண்டே வாரம் என்று சொல்லி, ஒரு மூட்டை உருளைக்கிழங்கையும் சாவியையும் ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். இரண்டு வாரம் இழுத்துக்கொண்டே போனது. டிசம்பரில் தாங்க முடியாமல் அக்சேனியாவுக்குப் போன் போட்டு, பிள்ளை தனியாக இருப்பதைச் சொல்லி அழுதாள்.

அக்சேனியா அன்றைக்கே கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. இதை மழுப்பிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்த கிழவி சாகக் கிடந்தாள். குடியுரிமைக்கு இல்லை, வெறுமே தங்குவதற்கான அனுமதிக்குத்தான் மனுக் கொடுத்துக் காத்திருந்தாள். அப்போது வெளியேறினால் திரும்பி நுழைய முடியாது. மகளுக்குப் போன் செய்தாள்.

"பயமா இருக்கா கண்ணு?"

"இல்லம்மா. பூனை இருக்கு."

"அடுப்பு மூட்டத் தெரியுதா?"

"தெரியுது. விறகுதான் ஈரமா இருக்கு."

"என் ராசாத்தி. யார்கிட்டயும் சொல்லிடாத. அம்மா இதோ வந்துடறேன்."

பிப்ரவரியில் கடுங்குளிர். மூன்று நாளாகப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லையே என்று டீச்சர் தேடி வந்தாள். அடுப்பு அணைந்து கிடந்தது. கோட்டுகளை எல்லாம் மேலே போட்டுக்கொண்டு, காய்ச்சலில் பூனையைக் கட்டிக்கொண்டு கிடந்தாள் இலிங்கா. இடது காலில் குளிரில் உறைந்துபோன இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு பிள்ளையை வளர்க்கச் சொல்லி நகரத்தில் எஃபீமியா என்பவளிடம் அரசாங்கம் ஒப்படைத்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தங்கள் பிள்ளைகளைத் தாத்தாக்களிடம் விட்டுவிட்டு இத்தாலியில் இருந்தவர்கள்தான் போனிலேயே அக்சேனியாவை அதிகம் திட்டினார்கள்.

பத்திரமான இடத்தில்தானே இருக்கிறாள் என்று அக்சேனியா மனதைத் தேற்றிக்கொண்டாள். அனுமதி இன்று வரும் நாளை வரும் என்று அடுத்த வருஷத்து ஈஸ்டரும் வந்துவிட்டது. அனுமதியை வாங்கிக்கொண்டு, மகளையும் கூட்டிப்போய்விடலாம் என்று ஓடி வந்தாள். தூடோசே தபால் கட்டோடு வந்தார்.

"தங்கச்சி, இதுல கோர்ட்டுத் தபாலும் நாலு இருக்கும்மா."

மூன்று சம்மன்கள். நான்காவது தீர்ப்பு. மூன்று முறை அழைப்பைப் பெற்றும் தாய் வராததால், குழந்தையின் மேல் அவளுக்கிருந்த உரிமை ரத்து. அவள் படித்துக்காட்ட, அழைப்பைப் பெற்றதாக அவள் பெயரில் கையெழுத்திட்டது தான்தான் என்று தூடோசேவுக்கு உறைத்தது.

"கோர்ட்டுக்கு நானே வந்து சொல்றேன். என் வேலை போனாப் போகட்டும்," என்றார்.

சொன்னார். வேலையும் போயிற்று. ஆனால் மேல்முறையீட்டில் வழக்கை மறுபடி எடுத்துக்கொண்டார்கள்.

"தபால் விஷயத்துல ஜெயிச்சாச்சு," என்றார் வக்கீல். "இனி ஒண்ணே ஒண்ணுதான். பிள்ளை தனியா இருந்தது பிப்ரவரி வரைக்கும் உங்களுக்குத் தெரியாது. வர்வாராவும் அப்படியே எழுதிக் குடுத்துட்டாங்க. தெரியாதுன்னு சொல்லுங்க, பிள்ளை உங்க கைல."

அக்சேனியா தலையாட்டினாள்.

பத்து வயதானால் பிள்ளையையும் கேட்க வேண்டும் என்பது சட்டம். நீதிபதி ஒரு பெண். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பத்து முடிந்திருந்த இலிங்காவிடம் கேட்டாள்.

"உங்க அம்மாகூட இருக்கணுமா?"

"ஆமா."

"நீ தனியா இருந்தது அம்மாவுக்குத் தெரியுமா?"

எஃபீமியாவின் கையை விட்டுவிட்டு, பாடம் ஒப்பிக்கிறவளைப் போல இலிங்கா நிமிர்ந்து நின்றாள்.

"தெரியாது. வர்வாரா பெரியம்மா வீட்லதான் இருக்காங்கன்னு நான் அம்மாகிட்ட பொய் சொன்னேன். தப்பெல்லாம் என் மேலதான்."

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வக்கீலே திகைத்துப் போனார். அக்சேனியாவுக்கு ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. ஜெயித்துவிட்டாள். அடுத்த கணம் மகளின் கழுத்து சிவந்துபோயிருப்பதைப் பார்த்தாள். அந்த இரண்டு விரல்களும் போனது தன்னால்தான் என்று ஊரறியச் சொல்லிவிட்டு நிற்கிறது பிள்ளை. நாளைக்கு அதையே நம்பவும் தொடங்கும். அக்சேனியாவை யாரும் கேட்கவில்லை, தானாகவே எழுந்தாள்.

"அவ பொய் சொல்றாங்க. எனக்கு டிசம்பர்லயே தெரியும். விறகு ஈரமா இருக்குன்னு சொன்னா. யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னது நான்தான்."

வக்கீல் அவள் கையைப் பிடித்து இழுத்தார். உட்காரும்படி நீதிபதி இரண்டு முறை சொன்ன பிறகுதான் அக்சேனியா உட்கார்ந்தாள்.

மத்தியானம் தீர்ப்பு வந்தது. பழைய தீர்ப்பே நிற்கும் என்றார்கள். நடைவழியில் எஃபீமியா பிள்ளையைத் தடுக்கவில்லை, நல்ல மனுஷி. இலிங்கா காலைச் சாய்த்துச் சாய்த்து வந்து அம்மாவின் முன்னால் நின்றாள். அழவில்லை. கோபமாக இருந்தாள்.

"ஏம்மா சொன்ன?"

"தப்பு உன் மேல இல்லடி கண்ணு. அதான் சொன்னேன்."

"அது எனக்கே தெரியும்மா. உன்கூட வீட்டுக்கு வரணும்னுதான் அப்படிச் சொன்னேன்."