கூடத்தின் ஓரத்தில் காதர் பாய்

லால்பேட்டையில் ஒரு புது வீட்டுக் கூடத்தின் மூலையில், முதுகு சுவரில் ஒட்ட நிற்கிறேன். வாங்கும் முன் போட்டுப் பார்க்கச் சொல்லி கடலூர்க் கடைக்காரர் கொடுத்தனுப்பிய வைடு லென்ஸ் கேமராவில் இருக்கிறது. காலையில் வீராணம் ஏரியும் வானமும் அதில் அழகாக அடங்கின. வீட்டுக்குள் எப்படி விழும் என்று பார்க்க நினைத்திருந்தபோதுதான், டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காதர் பாய், மகனுக்கு அனுப்பத் தன் வீட்டைப் படம் எடுத்துத் தரச் சொல்லிக் கூப்பிட்டார். இது கத்தாரில் இருக்கும் அவர் மகன் அனுப்பிய பணத்தில் கட்டிய வீடு. மகன் இன்னும் பார்க்கவில்லை.

என் பழைய லென்ஸில் பாதிக் கூடம்தான் வந்தது. இதில் பச்சை டைல்ஸ், மாடிப்படி, வாசலுக்கு அப்பால் வயல்கூட வருகிறது. ஆனால் ஓரத்தில் நிற்கும் பாய் பக்கவாட்டில் இழுபட்டு, இரண்டு ஆள் அகலத்தில் தெரிகிறார். சர்க்கரை வியாதியில் உருகிய உடம்பு அவருக்கு. லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எரிச்சல் வருகிறது.

"நடுவுல வந்து நில்லுங்க பாய். ஓரத்துல நின்னா இது குண்டாக் காட்டுது."

பாய் கேமராத் திரையைக் குனிந்து பார்க்கிறார். தொளதொளவென்று தொங்கும் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்கிறார்.

"இருக்கட்டும் தம்பி. தெனம் போன்ல, 'அத்தா, ரொம்ப எளச்சிட்டீங்களாமே'ன்னு அழுவுறான். இதப் பாத்தா நிம்மதியா இருப்பான். பெருநாளைக்கு வர்றான்ல, அதுக்குள்ள நெசமாவே கொஞ்சம் தேறிடுறேன்."

எதற்கும் இன்னொன்று எடுக்கலாம் என்கிறேன். பாய் தானாகவே இன்னும் ஓரமாக நகர்ந்து நிற்கிறார்.