பார்த்துக்கொண்டிருந்தால் வராது

எங்கள் வீட்டுக் கடுவன் பூனை மூத்திரம் பெய்யப் போகும்போதெல்லாம் நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. வெளியே சொல்லிவிடாதே என்பார் என் வீட்டுக்காரர். சொல்லத்தான் போகிறேன். அந்தப் பூனையால்தான் நான் வேலை பார்க்கும் கடையில் ஒரு சாவி இடம் மாறியது.

கவலைப்படுவது எனக்குக் கைவந்த வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதில், படிப்புக்கென்று இருந்த மூளை செலவாகாமல் கிடந்து, மொத்தமாகக் கவலைக்குப் பயன்பட்டுவிட்டது என்று நினைக்கிறேன். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். விடியுமுன்பே ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி ஏற்றிவருவார். நான் போன் அடித்து அவர் எடுக்காவிட்டால், எங்கேயோ விழுந்து கிடக்கிறார் என்று பயப்படுவேன். எடுத்துவிட்டால், ஓட்டிக்கொண்டே பேசுகிறாரே, இனிமேல் விழப்போகிறார் என்று பயப்படுவேன். "அப்ப நான் என்னதான்டி செய்யணும்?" என்று கேட்பார் அவர்.

அந்த வண்டியில்தான் பூனையும் வந்தது. முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி. வளர்ந்து நல்ல கடுவனாகி, மாடிப்படி இறங்கிப் பக்கத்துக் காலி மனைக்குப் போய்க் காரியத்தை முடித்து, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, ஒன்றும் தெரியாதது போல வந்து படுத்துக்கொள்ளும். அதன் மூத்திரத்தைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லாமல் இருந்தது. அதை மட்டும் எப்படி விட்டுவைத்தேன் என்று இப்போது ஆச்சரியமாக இருக்கிறது.

பிறகு அந்த மனையில் யாரோ வீடு கட்டினார்கள். சுற்றிலும் சிமெண்டுத் தளம் போட்டு, காவலுக்கு ஒரு நாயையும் கொண்டுவந்துவிட்டார்கள். பூனை படியிறங்குவதை நிறுத்திவிட்டது. வீட்டுக்குள்ளேயே ஒரு நீல பிளாஸ்டிக் பேசினில் மணல் கொட்டி வைத்தோம். நான் வைத்த இடம் டிவிக்குக் கீழே. அடுப்படியில் நின்றாலும் தெரியும், படுத்திருந்தாலும் தெரியும். அதற்காகவே அந்த இடம். தினமும் மணலை மாற்றிப் பேசினைப் பினாயில் ஊற்றிக் கழுவினேன். வாடை வருகிறது என்று கீழ்வீட்டு ஓனரம்மா சொல்லிவிடக் கூடாதே. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் சொல்வதற்கு முன்பே எனக்குக் கேட்டுவிடும்.

கொஞ்ச நாளில் பூனையின் போக்கு மாறியது. பேசினில் ஏறும், காலால் மணலைப் பறிக்கும், குந்தும், ஒன்றும் வராது. இடம் மாற்றிக் குந்தும். வெளியே வந்து பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கும். மறுபடி ஏறும். சில சமயம் இரண்டு சொட்டு. குளியலறை மிதியடியில் கொஞ்சம். கொடியிலிருந்து நழுவி விழுந்த வீட்டுக்காரரின் காக்கிச் சட்டையில் கொஞ்சம்.

"பேசினுக்கு வெக்கப்படுறவன் என் சட்டைக்கு வெக்கப்பட மாட்டேங்கிறானே" என்றார் அவர்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தபோது நான் யூடியூப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண் பூனைக்கு மூத்திரக்குழாய் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும் என்று ஒருவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அதற்குப் பிறகுதான் ஸ்டூல் வந்தது. பூனை பேசினில் ஏறினால் அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு ஓடுவேன். போனில் டார்ச்சை அடித்து, மணல் நனைகிறதா என்று குனிந்து பார்ப்பேன். "போடா தங்கம், போயிரு சாமி" என்று தைரியம் சொல்வேன். அது குந்தியபடியே என்னைத் திரும்பிப் பார்க்கும். நன்றியோடு பார்க்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

நான் வேலை பார்ப்பது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜவுளிக்கடையில். சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பேன், சுடிதாரை அளவுக்குப் பிடித்துத் தைத்துக் கொடுப்பேன். முதல் மாடியில், சேலைப் பகுதியின் மூலையில் என் மிஷின். கடையில் பெண்கள் எட்டுப் பேர். எங்களுக்கான கக்கூஸ் இரண்டாவது மாடியில் குடோனை ஒட்டி இருக்கிறது. வாங்க வருகிறவர்கள் போய் நாசம் பண்ணிவிடக் கூடாதென்று அதற்கு ஒரு பூட்டு. பூட்டுக்குப் பேர்போன எங்கள் ஊர்ப் பூட்டு, கை கனக்கும். அதன் சாவி தரைத்தளத்தில், கல்லாவில் உட்காரும் முதலாளியின் தலைக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். போக வேண்டியவள் கீழே இறங்கி, பணம் கட்ட நிற்பவர்களுக்கு நடுவில் நின்று, அந்த ஆணியைப் பார்க்க வேண்டும். வாயால் கேட்கத் தேவையில்லை, அவரே எடுத்துக் கொடுத்துவிடுவார். கெட்ட மனுஷர் இல்லை. "இப்பத்தானம்மா போயிட்டு வந்த?" என்று கேட்பார், அவ்வளவுதான்.

அதனால் நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் எல்லோரும் பாட்டில் நிறையக் கொண்டுவந்து ஜன்னலில் வரிசையாக வைப்போம். சாயங்காலம் முக்கால் பாட்டிலைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப்போவோம். இதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. கடை வேலை என்றால் அப்படித்தான்.

இந்தக் காரணத்தால் நீர்க்கடுப்பைப் பற்றி எங்கள் கடையில் கிடைக்காத வைத்தியம் கிடையாது. பட்டுச் சேலைப் பிரிவில் நிற்கும் அக்காதான் அதில் பெரிய ஆள். சின்னாளபட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், எங்கள் எல்லோரையும்விட மூத்தவர். அவரிடம் பூனை விஷயத்தைச் சொன்னேன்.

"சூடுதான்டி. வேறென்ன? வெந்தயத்த மோருல ஊறப்போட்டுக் குடு."

"மோரு குடிக்க மாட்டேங்குதுக்கா."

"அப்ப பார்லித் தண்ணி."

"மோந்து பாத்துட்டுப் போயிருச்சு."

"தொப்புள்ல வெளக்கெண்ண வையி. செத்த நேரத்துல எறங்கீரும்."

பூனைக்குத் தொப்புள் எங்கே இருக்கிறது என்று அதுவரை நான் யோசித்ததில்லை. அந்த மயிருக்குள் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் முழங்கை வரை கீறிவிட்டது. உத்தேசமாக ஓர் இடத்தில் எண்ணெயை வைத்தேன். "அவனுக்கு ஒண்ணும் எறங்கல. ஒனக்குத்தான் ரத்தம் எறங்குது" என்றார் வீட்டுக்காரர்.

மறுநாள் காலையில் அந்த இரண்டு சொட்டும் இல்லை. பூனை பேசினில் ஏறிக் குந்தி, அடித்தொண்டையில் ஒரு சத்தம் போட்டது. நான் அழுதுவிட்டேன். மார்க்கெட்டிலிருந்து வந்து அப்போதுதான் சட்டையைக் கழற்றிய வீட்டுக்காரர், அதை மறுபடி மாட்டிக்கொண்டார். எங்கள் கடையின் கட்டைப்பை ஒன்றில் பழைய துண்டை விரித்துப் பூனையை உட்காரவைத்தேன். தலை மட்டும் வெளியே. கல்யாணத்துக்கு ஜவுளி எடுத்துத் திரும்புகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு லோடு ஆட்டோவில் போனோம்.

கால்நடை ஆஸ்பத்திரியில் ஆடுகளும் ஒரு கன்றுக்குட்டியும் காத்திருந்தன. எனக்கு முன்னால் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா பையை எட்டிப் பார்த்தார்.

"என்ன தாயி, கோழியா?"

"பூனைம்மா."

"பூனைக்கா ஆஸ்பத்திரி! என்ன செய்யுது அதுக்கு?"

"ஒண்ணுக்குப் போகல."

அவர் வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏப்பா, இந்தப் புள்ளைய முன்னால விடுங்க. பூனை ஒண்ணுக்குப் போகலையாம்!" எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வழியும் விட்டார்கள். அந்த நேரம் பார்த்து அவருடைய ஆடு என் செருப்புக்குப் பக்கத்தில் தாராளமாகப் பெய்தது. எனக்கு அந்த ஆட்டின் மேல் பொறாமையாக இருந்தது.

டாக்டர் ஒரு பெண். பூனையின் அடிவயிற்றை மெல்லப் பிடித்துப் பார்த்தார். "இப்ப அடைக்கலைம்மா. அடைச்சிருந்தா மூத்திரப்பை இறுகிப்போயி கல்லு மாதிரி இருக்கும். இது சின்னதா, மெத்துன்னு இருக்கு. உள்ள புண்ணாகியிருக்கு, அதான் கொஞ்சம் சேந்தாலே முக்குது. மணல் எங்க வச்சிருக்கீங்க?"

"டிவிக்குக் கீழ."

"எத வச்சுக் கழுவுவீங்க?"

"பினாயில் டாக்டர். தினமும்."

"அது போகும்போது பக்கத்துல ஆள் இருப்பாங்களா?"

"நான் இருப்பேன் டாக்டர். பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்துருவேன். சரியா வருதான்னு டார்ச் அடிச்சுப் பாப்பேன்."

பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க போகும்போது ஒருத்தர் டார்ச் அடிச்சுப் பாத்தா ஒங்களுக்கு வருமாம்மா?"

பிறகு ஊசி போட்டபடியே சொன்னார். பழகின இடம் போய்விட்டது, பக்கத்தில் நாய் வந்துவிட்டது, போதாததற்கு மணலில் பினாயில் நெடி, தலைக்கு மேல் ஆள். இப்படிப் பயந்து கிடந்தாலே சில பூனைகளுக்கு மூத்திரப்பை புண்ணாகிவிடுமாம். பேசினை ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் வைக்க வேண்டும். சும்மா சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். மீனை வேகவைத்துத் தண்ணீரோடு கொடுக்க வேண்டும், தண்ணீர் குறைந்தால் புண் கூடும். வேறொரு மூலையில் இன்னொரு பேசினும் வேண்டும்.

"ஒரு ஆளுக்கு ரெண்டு பாத்ரூமா டாக்டர்?" என்றார் வீட்டுக்காரர்.

"ஆமா. ஒண்ணு பிடிக்கலைன்னா இன்னொண்ணு." பிறகு என் பக்கம் திரும்பினார். "சாயங்காலத்துக்குள்ள போயிரணும். போகலைன்னாலோ, வாந்தி எடுத்துச் சோந்து படுத்தாலோ, யோசிக்காம தூக்கிட்டு வாங்க, ட்யூப் போடணும். அதுவரைக்கும் நீங்க அது கண்ணுல படாதீங்க. வேலைக்குப் போங்க."

வீட்டில் இரண்டு பேசினையும் மூலை பார்த்து வைத்துவிட்டுப் போனேன். அந்த மத்தியானம் நான் தைத்ததை ஒருவரும் உடுத்த முடியாது. ஒரு சேலைக்கு ஃபால்ஸை மேல் பார்டரில் அடித்துவிட்டு உட்கார்ந்து பிரித்தேன். வீட்டில் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். போன் அடித்து எழுப்பினால் எழுந்து போய்ப் பார்ப்பார், அவர் பார்த்தால் அது போகாது. அடிக்காவிட்டால், அது செத்துக் கிடந்தாலும் எனக்குத் தெரியாது. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

வெயில் தாழும்போது வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. மணலுக்கு நடுவே நனைந்து திரண்ட ஓர் உருண்டை. கீழே "குளிக்கிற ரூம் மூலை. நான் பாக்கல, தூங்கிட்டேன்" என்று எழுதியிருந்தார்.

நான் போட்ட சத்தத்தில் மாடியில் இருந்த எல்லோரும் மிஷினைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். "எம்புட்டுப் பெரிசு!" என்றார் அக்கா, பிறந்த பிள்ளையைப் பார்க்கிற முகத்தோடு. பிரிவுகளில் ஆளைக் காணோமே என்று முதலாளியே மாடியேறி வந்துவிட்டார். போனை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"என்னம்மா இது, பணியாரமா?"

"பூனை ஒண்ணுக்குப் போனது மொதலாளி."

அவர் போனைச் சட்டென்று என் கையில் திணித்தார். ஆனால் விவரம் கேட்டார். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் அடக்கிக்கொள்ளுமாம், தண்ணீர் குறைந்தால் இன்னும் புண்ணாகுமாம், இரண்டு பேசின் வைக்க வேண்டுமாம். அவர் முகம் நிஜமாகவே வாடிவிட்டது.

"அடப் பாவமே. வாயில்லாச் சீவன். அடக்கி அடக்கி வச்சா ஒடம்பு என்னத்துக்காகும்?"

ஆளுக்கொரு சேலையை எடுத்து மடிக்கத் தொடங்கினோம். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன் என்று எழுத ஆசைதான். நானோ, வேறு யாராவது திறந்துவிடப் போகிறார்களே என்று பயந்துகொண்டிருந்தேன். அக்கா திறந்துவிட்டார். கையிலிருந்த பட்டுச் சேலையை மடித்தபடியே, விலை சொல்கிற குரலில் சொன்னார்.

"வாயுள்ள சீவன் எட்டு இங்க நிக்குது மொதலாளி. எட்டுக்கும் ஒரே பேசின்தான். சாவி ஒங்க தலைக்குப் பின்னால தொங்குது."

எட்டுப் பேருக்கும் வேலை போய்விட்டது என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

"கேட்டா குடுக்கத்தான செய்யிறேன்?" என்றார் அவர்.

"குடுக்கிறீக. அதுக்கு முன்னாடி பாக்கிறீகளே."

முதலாளியின் கண் ஜன்னலில் இருந்த பாட்டில் வரிசைக்குப் போனது. எல்லாம் ஏறக்குறைய நிறைந்தே இருந்தன. அப்படியே படியிறங்கிவிட்டார். கடை சாத்துகிற நேரத்தில் மறுபடி மேலே வந்து, என் மிஷின் மேல் சாவியை வைத்தார். "எங்கயாச்சும் மாட்டிக்கங்க. தொலைச்சீங்க, அப்புறம் இருக்கு." யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார்.

சேலைப் பகுதியில் இருந்த ஒரே ஆணி, நான் கத்தரிக்கோலும் டேப்பும் மாட்டி வைக்கிற ஆணி. என் தலைக்குப் பின்னால்.

மறுநாளிலிருந்து பாட்டில்கள் காலியாகத் தொடங்கின. சாவி எடுக்க ஒவ்வொருத்தியாக வந்தாள். எனக்கோ கவலை. போனவள் வர நேரமானால் உள்ளே மயங்கி விழுந்துவிட்டாளோ என்று படியைப் பார்ப்பேன். சீக்கிரமே திரும்பவும் போனால் சுகர் இருக்குமோ என்று முகத்தைப் பார்ப்பேன். "தண்ணி ஊத்துனியா? பூட்டுனியா?" என்று கேட்பேன். இரண்டு நாள் பொறுத்துக்கொண்ட அக்கா, மூன்றாம் நாள் ஆணியில் கைவைத்தவர் அப்படியே நின்றார்.

"ஏ புள்ள, நீ இப்பிடி பாக்குறதுக்கு மொதலாளியே தேவலடி. ஒன் கையில டார்ச் இல்லாத கொறைதான்."

மிஷினைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டு, ஆணியை விட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டேன். வெளிச்சம் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது, தைக்கிற துணிமேல் என் நிழலே விழுகிறது. ஊசியில் நூல் கோக்கச் சிரமம்தான். ஆனால் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று தெரிவதில்லை.

வீட்டிலும் அப்படித்தான். ஒரு பேசின் குளியலறை மூலையில், இன்னொன்று கட்டிலுக்கு அந்தப் பக்கம். பூனை அந்தப் பக்கம் நடந்தால் நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்கிறேன். மணலைப் பறிக்கிற சத்தம் கேட்கும். பிறகு சத்தம் நிற்கும். பிறகு மூடுகிற சத்தம். அதுவரை கரண்டியை அசைக்காமல் காதை அங்கேயே வைத்திருப்பேன். காதைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை.